எழுத்துக்களின் பிறப்பிடம் கண்ட இமாம் கலீல் (ரஹ்)

சில மாதங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்த செய்தி இது. வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த பேரன், மக்ரிபுக்குப் பின் முஸல்லாவில் அமர்ந்து ஓதிக் கொண்டிருந்த தன் பெத்தும்மாவை இடைமறித்தான். ஃபாத்திஹா சூராவின் கடைசிச் சொல்லில் வரும் ளாது என்னும் எழுத்தை அவர்கள் மொழிவது முழுத் தவறு என்றும், அரபு நாட்டில் எவரும் அப்படி மொழிவதில்லை என்றும் சொன்னான். அத்தோடு விட்டானா? இத்தனை காலம் தொழுத தொழுகையெல்லாம் கூடுமோ கூடாதோ என்றும் சொல்லிவிட்டான். அந்த அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை. காலையில் என்னிடம் ஆளனுப்பி, தம் அறுபது வருடத் தொழுகையின் நிலை என்ன என்று கேட்டார்கள்.

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன் வேறொன்றை நாம் அறிய வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் வாயில் ஒரு பிறப்பிடம் உண்டு, அதற்கு மக்ரஜ் என்று பெயர் என்பதை மக்தபில் சிறுபிள்ளைகளுக்குக் கூடச் சொல்லிக் கொடுக்கிறோம். இதை முதன் முதலாக ஓர் ஒழுங்கான கல்வியாக வகுத்த பெருமகனார் யார்? அவர்தாம் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதீ (ரஹ்). ஓதுகின்ற நாவெல்லாம் அன்னாருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் அன்னாரின் பெயரை அறிந்தோர் நம் வீடுகளில் மிகச் சிலரே!

நாணற் குடிசையில் ஒரு கல்விக் கடல்

அன்னார் ஹிஜ்ரி 100ஆம் (கி.பி. 718) ஆண்டு பிறந்தார்கள். அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். பூர்வீகம் உமான் நாடு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பிறகு அஹ்மத் என்று பெயர் சூட்டப்பட்ட முதல் மனிதர் அன்னாரின் தந்தையே எனக் கூறுவர். வளர்ந்ததும் வாழ்ந்ததும் பஸரா நகரில். ஏழு காரிகளில் ஒருவரான இமாம் அபூ அம்ரு இப்னுல் அலா (ரஹ்) போன்ற மேதைகளிடம் கல்வி பயின்றார்கள்.

அன்னாரின் வறுமை பெயர் பெற்றது. நாணலால் வேய்ந்த சிறு குடிசையே வீடு. அன்னாரிடம் கற்ற மாணவர்கள் அக்கல்வியைக் கொண்டு செல்வம் சேர்த்தார்கள். ஆசிரியரோ அக்குடிசையிலேயே இருந்தார்கள் என்று அவர்களின் மாணவர் நள்ர் இப்னு ஷுமைல் நினைவு கூர்ந்திருக்கிறார். அஹ்வாஸ் பகுதியின் ஆளுநராக இருந்த சுலைமான் இப்னு ஹபீப் அன்னாரைத் தம்மிடம் வரும்படி தூதனுப்பினார். இமாமவர்கள் ஒரு காய்ந்த ரொட்டியை எடுத்து வந்து தூதர் முன் வைத்தார்கள். இது கிடைத்துக் கொண்டிருக்கும் வரை சுலைமானிடம் தமக்குத் தேவை எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒருமுறை மக்காவில், தமக்கு முன் எவருக்கும் அளிக்கப்படாத ஒரு கல்வியைத் தமக்கு அருளும்படி அல்லாஹ்விடம் கையேந்தினார்கள் என்று வரலாறு கூறுகிறது. திரும்பி வந்தபின் அரபுக் கவிதையின் யாப்பிலக்கணமாகிய அரூள் என்னும் கல்வி அன்னாருக்குத் திறந்தது. அதுவரை காதால் மட்டுமே அறியப்பட்டிருந்த ஓசைகளை 15 அளவைகளாக வகுத்தார்கள். பின்வந்த அக்ஃபஷ் என்பவர் ஒன்றைக் கூட்டியதால் அவை 16 ஆயின. கவிதைக்குத் தாளமிட்டுக் கொண்டிருந்த தந்தையைக் கண்ட மகன், வெளியே ஓடி, தகப்பனாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மக்களிடம் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

குர்ஆனில் நாம் காணும் குறிகள்

குர்ஆன் ஷரீஃபைத் திறந்ததும் எழுத்துக்களுக்கு மேலும் கீழும் ஜபர், ஜேர், பேஷ் முதலிய குறிகளைக் காண்கிறோம். இவை தொடக்கத்தில் இருந்தவை அல்ல. அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் வேறு நிற மையினால் புள்ளிகள் இட்டு உயிரோசைகளைக் காட்டினார்கள். அந்த வண்ணப் புள்ளிகளுக்குப் பதிலாக எழுத்தின் வடிவிலிருந்தே குறிகளை எடுத்தவர்கள் இமாம் கலீல் (ரஹ்) அவர்கள். பேஷ் என்பது ஒரு சிறிய வாவு. ஜபர் என்பது சாய்த்து வைத்த சிறிய அலிஃப். ஷத்து என்பது ஷீன் எழுத்தின் தலை. ஹம்ஸாவின் வடிவம் ஐன் எழுத்தின் தலை. இவ்விரண்டும் தொண்டையில் அக்கம்பக்கத்தில் பிறப்பவை. எழுதும் குறியிலும் கூட எழுத்தின் பிறப்பிடத்தை அன்னார் மறக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

வாயைச் சுவைத்துப் பார்த்தவர்

அடுத்து அன்னார் நாடியது அரபு மொழிச் சொற்கள் அனைத்தையும் ஒரே நூலில் அடக்குவது. அலிஃப், பா, தா என்ற வழக்கமான வரிசை அன்னாருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் சுகூன் செய்து, அதற்கு முன் ஓர் அகரம் சேர்த்து, அப், அத், அஹ், அஃ என்று மெல்ல மொழிந்து, ஒலி எங்கே தடைபட்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். இதை எழுத்தைச் சுவைத்தல் என்று அறிஞர்கள் குறிப்பிடுவர். கண்ணாடியுமில்லை, கருவியுமில்லை. சொந்த வாயும் செவியுமே ஆய்வுக்கூடம்!

இவ்வாறு ஆழ்ந்த தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் ஒரு புது வரிசையைக் கண்டார்கள். அதில் முதலில் நிற்பது ஐன். ஆகவே அந்த அகராதிக்கு கிதாபுல் ஐன் என்று பெயர். ஹம்ஸா அதனினும் ஆழத்தில் பிறந்தாலும், அது மெலியும், மாறும், மறைந்தும் போகும் எழுத்தாதலால் அதனை முதலில் வைக்கவில்லை. நூலின் திட்டம் அன்னாருடையது. அதை நிறைவு செய்தவர் மாணவர் லைஸ் என்பது அறிஞர் பலரின் கருத்து.

வேறோர் அற்புதமும் அதில் உண்டு. இரண்டு எழுத்துக்களை மாற்றி வைத்தால் 2 வடிவம், மூன்றை மாற்றினால் 6, நான்கை மாற்றினால் 24, ஐந்தை மாற்றினால் 120 என்று கணக்கிட்டு, பிறக்கக்கூடிய எல்லா வேர்ச்சொற்களையும் வரிசைப்படுத்தினார்கள். அதாவது, யாரும் பேசாத, இனிமேல்தான் ஒருவர் கற்பனை செய்யக்கூடிய சொற்களுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, எவை வழக்கில் உள்ளவை, எவை விடப்பட்டவை என்று பிரித்தார்கள். புதுச்சொல் புனைந்து மக்களைக் குழப்புவோரைக் கண்டுபிடிக்கவும் ஓர் உரைகல் தந்தார்கள். நான்கு அல்லது ஐந்து வேரெழுத்துள்ள சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையேல், மிகச் சில சொற்கள் நீங்கலாக, அது புனைந்ததோ பிற மொழியிலிருந்து வந்ததோ ஆகும். அவ்வாறே ஐனும் பெரிய ஹாவும் பிறப்பிடத்தால் மிக நெருங்கியவை. ஆதலால் ஒரே வேர்ச்சொல்லில் இரண்டும் சேர்வதில்லை என்றும் காட்டினார்கள்.

நெருங்கியவை ஒன்றாகும்

இந்த நெருக்கம் என்னும் விதியில்தான் ஒலி மாற்றத்தின் இரகசியம் அடங்கியிருக்கிறது. பிறப்பிடத்தால் நெருங்கிய எழுத்துக்களே ஒன்றையொன்று இழுத்துக் கொள்ளும். அல்ஷம்ஸ் என்பதை அஷ்ஷம்ஸ் என்கிறோம். அல்கமர் என்பதை மாற்றாமல் மொழிகிறோம். ஷீன், லாமைப் போல நாவின் முன்பகுதியைச் சார்ந்தது. காஃபோ தொலைவில் உள்ளது. நூனுக்குப் பின் பா வந்தால் மீமாக மாறுவதும் இவ்வகையே. தஜ்வீதில் நாம் மனனம் செய்யும் இத்காம், இக்லாப் யாவும் நாவின் இயல்பிலிருந்து பிறந்தவை.

ஒரு மனிதர் விரைந்து பேசும்போது நடப்பதே, தலைமுறைகள் கடக்கும்போது ஒரு மொழிக்கும் நடக்கிறது. அன்றைய பஸராவில் பாரசீகரும் பிற நாட்டாரும் இஸ்லாத்தில் நுழைந்து அரபு பேசினார்கள். ஐன், பெரிய ஹா, ளாது போன்ற ஒலிகள் பாரசீக நாவுக்குப் பழக்கமில்லை. தாய்மொழியில் இல்லாத எழுத்து பக்கத்து எழுத்தின் மீது வழுக்கி விழும். தகப்பனின் வழுக்கல் மகனுக்குப் பழக்கமாகும். பேரனுக்கு அதுவே மொழியாகிவிடும். இந்த ஆபத்தை உணர்ந்த காலத்தில்தான் இமாம் கலீல் (ரஹ்) எழுத்துக்களுக்கு எல்லைக் கல் நட்டார்கள்.

அந்த எல்லையை எழுதிக் காத்தவரோ ஒரு பாரசீகர்! அவர்தாம் இமாம் ஸீபவைஹி (ரஹ்). ஹதீஸ் கற்கும்போது ஒரு சொல்லின் இறுதியைப் பிழையாக மொழிந்ததற்காகத் திருத்தப்பட்டு, இலக்கணம் கற்க உறுதி பூண்டு இமாம் கலீலிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் அல்கிதாப் என்னும் பெருநூலில் மற்ற எவரையும் விட ஆசிரியர் கலீலின் கருத்துக்களே மிகுதி. மக்ரஜ்கள் 16 என்பது ஸீபவைஹியின் கணக்கு. இமாம் கலீலைச் சார்ந்ததாகச் சொல்லப்படும் 17 என்ற கணக்கை, ஹிஜ்ரி 833இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) ஏற்றுக் கொண்டார்கள். நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படுவது அதுவே.

தூணில் மோதிய சிந்தனை

இமாம் கலீல் (ரஹ்) அவர்களின் மறைவும் சிந்தனையிலேயே நிகழ்ந்தது. ஒரு பணிப்பெண் கடைக்குச் சென்றாலும் கடைக்காரர் அவளை ஏமாற்ற முடியாதபடி எளிய கணக்கு முறை ஒன்றைக் காண வேண்டும் என்று எண்ணியவாறே பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். கவனமின்றித் தூணில் மோதி விழுந்தார்கள். அதுவே மரணத்திற்குக் காரணமாயிற்று என்று எழுதியுள்ளனர். ஆண்டு ஹிஜ்ரி 170 (கி.பி. 786) என்றும் 175 (கி.பி. 791) என்றும் கூறுவர். இறுதி எண்ணமும் ஓர் ஏழைப் பெண்ணின் சில்லறைக் காசைப் பற்றியதாகவே இருந்தது!

பெத்தும்மாவுக்குச் சொன்ன விடை

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். ளாது என்பது நாவின் ஓரத்தை மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அழுத்துவதால் பிறக்கிறது என்று இமாம் ஸீபவைஹி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். நாவின் ஓரத்தில் பிறப்பதால் அதில் லாமின் சாயல் உண்டு. ஸ்பெயினில் அல்காளீ என்ற சொல் அல்கால்தே என்று ஆனபோது அங்கே ஒரு லகரம் நுழைந்ததைக் காண்க. நம் முன்னோர்களும் ஃபர்ளு, உளூ, ரமழான், ரலியல்லாஹு என்றே மொழிந்தார்கள். ஆக, பெத்தும்மா மொழிந்தது வேரில்லாத பிழை அன்று.

பேரன் கேட்டு வந்தது கடைவீதி அரபு. வளைகுடாவின் பேச்சு வழக்கில் ளாதும் ளோவும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எகிப்து நகரங்களின் பேச்சிலோ அது அழுத்தமான தகரம் போல் ஒலிக்கிறது. அரபியர் நாவும் காலத்தால் மாறியதே. ஓதுதலுக்கு அளவுகோல் வீதியல்ல. உஸ்தாதிடமிருந்து உஸ்தாதுக்கு வழிவழியாக வந்த மக்ரஜே.

அதற்காக நம் தமிழ் ளகரமே ளாது என்றும் எண்ணிவிடக் கூடாது. ளகரத்தில் நாவின் நுனி வளைகிறது. ளாதிலோ நாவின் ஓரம் அழுந்துகிறது. கற்க வசதியின்றி, இயன்றவரை முயன்று ஓதியவரின் தொழுகையை அல்லாஹ் வீணாக்க மாட்டான். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டென்பது நாம் அறிந்ததே. கற்க வாய்ப்புக் கிடைத்த பின் சோம்பியிருப்பதுதான் குற்றம்.

இதை அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர்கள் அழுதார்கள், பிறகு, அந்த எழுத்தை இப்போதே சொல்லித் தரும்படி கேட்டார்கள். நாலைந்து நாள் முயன்று பழகிக் கொண்டார்கள். அருகில் அமர்ந்திருந்த பேரனுக்கும் அதே பாடம் நடந்தது. அவருக்குத்தான் நாள் அதிகமாயிற்று!

இமாம் கலீலின் எழுத்துக் கணக்கில் ஒரு படிப்பினை உண்டு. ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்தை ஒரு விதமாய் அடுக்கினால் இல்ம், அதாவது அறிவு. இடம் மாற்றினால் அமல், அதாவது செயல். மீண்டும் மாற்றினால் லம்உ, ஒளிர்தல். அன்னாரின் முறைப்படி மூன்றுக்கும் ஒரே பாடம். பேரனிடம் இல்ம் சிறிது இருந்தது. பெத்தும்மாவிடம் அமல் நிறைய இருந்தது. இரண்டும் ஒரு முஸல்லாவில் அமர்ந்தபோதே வீட்டில் ஒளி வந்தது.

வல்ல நாயன் அல்லாஹ், அவ்விமாமின் கப்ரை ஒளியாக்கி வைப்பானாக! அவனது வேதத்தைப் பிழையின்றி ஓதவும், பிழை கண்டால் கனிவோடு திருத்தவும் நம் யாவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.