தன் குதிரையோடு வந்த படை: ஐதர் அலியின் வாழ்வும் விருத்தாசல வட்டாரமும்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம் இன்று பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் அறியப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படைத்தலைவர்கள் அவ்வூரை வேறு கண்கொண்டு பார்த்தனர். கோயிலின் உயர்ந்த கருங்கல் மதில் சிறு காவற்படை ஒன்று தங்குவதற்குப் போதுமான அரணாக இருந்தது. 1751இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றிக் காவல் வைத்தனர். அதே ஆண்டில் அங்குப் படையுதவியைச் சேர்த்துவிட்டுத் திரும்பிய இராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் பாளையக்காரர் ஒருவரின் ஆட்களால் வழிமறிக்கப்பட்டனர். உடன் வந்தவருட் சிலர் மடிய, இருவரும் குதிரையின் வேகத்தால் உயிர் தப்பினர். மதிலுக்குள் இருந்தவர் வலியராயினும், மதிலைத் தாண்டிய வெளியில் விரைந்த குதிரை உடையவருக்கே நிலம் உரியதாக இருந்தது. இந்நிலையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஐதர் அலி. அவரைப் பற்றிய நூல்கள் அவருடைய பீரங்கிகளையும் பிரெஞ்சு உறவையும் விரிவாகப் பேசுகின்றன. அவருடைய உயர்வுக்கும் அவர் எட்டிய எல்லைக்கும், தம் குதிரையோடு தாமே வந்து சேர்ந்த வீரர்களோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு எவ்வளவு காரணம் என்பது தனியே நோக்கத்தக்கது.

இருவகைக் குதிரைவீரர்

அக்காலத் தக்காணப் படைகளில் குதிரைவீரர் இருவகையினர். அரசனின் லாயத்திலிருந்து குதிரை பெற்று ஏறியவர் பார்கீர். குதிரையும் படைக்கலமும் தாமே கொண்டுவந்து, அதற்கேற்பக் கூடுதல் ஊதியம் பெற்றவர் சிலாதார். இவ்விருவருக்கும் புறத்தே, கொள்ளையில் பங்கு பெறுவதையே முதன்மை வருவாயாகக் கொண்ட பிண்டாரிகள் இருந்தனர். இங்கிலாந்தில் 1794 முதல் நிலவுடைமையாளர் தம் குதிரைகளோடு சேர்ந்த தன்னார்வக் குதிரைப்படைகள் தோன்றின. புறத்தோற்றத்தில் இவை சிலாதார் முறையை ஒத்திருப்பினும், அடிப்படை வேறானது. இங்கிலாந்துத் தன்னார்வலருக்கு நிலம் இருந்தது; சிலாதாருக்கோ குதிரையே நிலம். அது மடிந்தால் அவருடைய முதலும் பிழைப்பும் ஒருங்கே மடியும்.

தேவனஹள்ளி முதல் திண்டுக்கல் வரை

1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் ஐதர் பிறந்தார். சீரா நவாபிடம் பணியாற்றிய தந்தை பத்தே முகம்மது போரில் மடிந்தபின், அவர் விட்டுச்சென்ற கடனின் பெயரால் குடும்பம் கொடுமைக்கு உள்ளானது. மூத்தவர் சாபாசு மைசூர்ப் படையில் இடம் பெற்றார். இளையவரான ஐதர் எழுத்தறிவு பெறவில்லை. நெடுங்காலம் எப்பணியிலும் நிலைக்கவில்லை. 1749இல் மைசூர் அமைச்சர் நஞ்சராசர் தேவனஹள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அண்ணனின் அணியில் தாமாக விரும்பி வந்து சேர்ந்த குதிரைவீரராகவே ஐதர் போரிட்டார். அவருடைய துணிவைக் கண்ட நஞ்சராசர் 50 குதிரைவீரரையும் 200 காலாட்களையும் அவருக்கு அளித்து, அவ்வணியைப் பெருக்கிக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார். பெருக்கிக்கொள்ளும் அவ்வுரிமையே பின்னர் மைசூர் அரசின் போக்கை மாற்றியது.

ஆனால் ஆள் சேர்க்கப் பொருள் வேண்டும். 1750 டிசம்பரில் செஞ்சியை அடுத்த பாசறையில் நிசாம் நாசிர் சங் கொல்லப்பட்ட குழப்பத்தில், அங்கிருந்த மைசூர் அணியைச் சேர்ந்த ஐதரின் ஆட்கள் இரண்டு ஒட்டகச் சுமைப் பொன்னைக் கவர்ந்துசென்றனர். குதிரைகளும் துப்பாக்கிகளும் அவர் கைக்கு வந்தன. தென்னார்க்காட்டு மண்ணில் கிடைத்த இச்செல்வமே அவருடைய படையின் முதல்.

அடுத்து நிகழ்ந்த திருச்சிராப்பள்ளிப் போரின்போது, கண்டே ராவ் என்னும் கணக்கரின் துணையோடு ஒரு முறை வகுக்கப்பட்டது. பிண்டாரிகளுக்கு மாத ஊதியம் உண்டு. அதன்மேல் அவர்கள் கொள்ளையிடும் பொருளில் பாதி அவர்களுக்கு, பாதி ஐதருக்கு. தானிய வண்டி முதல் வழிப்போக்கர் அணிந்த தலைப்பாகை, காதணி வரை எதுவும் கணக்கிலிருந்து தப்பவில்லை. மார்க் வில்க்சு தம் மைசூர் வரலாற்றில் இதனை விரிவாகக் கூறி, ஒழுங்குபடுத்தப்பட்ட கொள்ளையாகவே மதிப்பிடுகிறார். அவர் ஆங்கில அதிகாரி என்பதை மனத்திற்கொண்டு அம்மதிப்பீட்டை ஏற்றல் வேண்டும்; நெல்லூர் முதல் நெல்லைவரை அன்று எப்படையும் வேறுவகையாக உயிர் பிழைக்கவில்லை. ஐதரின் தனித்தன்மை கொள்ளையில் இல்லை, கணக்கில் இருந்தது. எழுதப்படிக்க அறியாத ஒருவர் தம் நினைவாற்றலால் ஒவ்வொரு பங்கையும் சரிபார்த்தமையே, பங்கு தவறாது கிடைக்கும் என்னும் நம்பிக்கையைப் படைவீரரிடம் விதைத்தது. 1755இல் திண்டுக்கல் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டபோது 1,500 குதிரைவீரரும் 3,000 காலாட்களும் அவர்பால் இருந்தனர்.

தியாகதுர்க்கமும் சென்னையும்

1760இல் புதுச்சேரி ஆங்கிலேயரால் நெருக்கப்பட்டபோது, உதவிக்கு ஈடாகத் தியாகதுர்க்கத்தையும் எலவானாசூரையும் மைசூருக்கு அளிக்கப் பிரெஞ்சுக்காரர் இசைந்தனர். ஐதரின் உறவினர் மக்தூம் அலி குதிரைப்படையோடு இறங்கிவந்து, சூலைத் திங்களில் திருவதிகை அருகே மேஜர் மூரின் படையை முறியடித்தார். விருத்தாசலத்துக்கு வடமேற்கிலுள்ள தியாகதுர்க்கம் இவ்வாறு மைசூரின் காலடியாக மாறியது. ஆனால் அடுத்த மாதமே கண்டே ராவ் அரசரோடு சேர்ந்து ஐதருக்கு எதிராகத் திரும்பினார். சீரங்கப்பட்டணத்திலிருந்து ஐதர் இரவோடிரவாக ஒரு சில குதிரைவீரரோடு காவிரியைக் கடந்து தப்பினார். மக்தூம் அலியின் படை திரும்ப அழைக்கப்பட்டது. புதுச்சேரி வீழ்ந்தது, ஐதரோ 1761இல் மைசூரின் முழு அதிகாரத்தையும் கைக்கொண்டார்.

இக்குதிரைப்படையின் முழு ஆற்றல் 1769 மார்ச்சில் வெளிப்பட்டது. ஆங்கிலப் படையைச் சென்னையிலிருந்து தெற்கே வெகுதொலைவு இழுத்துச்சென்ற ஐதர், பீரங்கிகளையும் பெரும்படையையும் மலைப்பக்கம் திருப்பியனுப்பிவிட்டு, தெரிந்தெடுத்த 6,000 குதிரைவீரரோடும் சிறு காலாட்படையோடும் மூன்றரை நாட்களில் ஏறத்தாழ 130 மைல் கடந்து சென்னையின் வாயிலில் நின்றார். கோட்டையைத் தாக்க அவரிடம் ஒரு பீரங்கியும் இல்லை. தாக்கும் தேவையும் எழவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனி உடன்படிக்கையில் ஒப்பமிட்டது.

பரங்கிப்பேட்டை

1780 சூலையில் ஏறத்தாழ 90,000 பேர் கொண்ட படையோடு ஐதர் மீண்டும் கருநாடகத்தில் இறங்கினார். சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன, மக்கள் பெருந்தொகையாக மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பகைவனுக்கு ஒரு மூட்டை நெல்லும் கிடைக்கலாகாது என்பதே நோக்கம். 1785இல் எட்மண்டு பர்க்கு ஆங்கிலப் பாராளுமன்றத்தில் இவ்வழிவை விரித்துரைத்தார். எனினும் அவருடைய குறி ஐதரினும் ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தோர்மீதே இருந்தது. இவ்வட்டார உழவருக்கு அவ்வேறுபாட்டால் பயன் ஒன்றும் இல்லை. வில்க்சு வியக்கும் பங்குமுறையின் மறுபாதியைச் செலுத்தியவர் அவர்களே. படைவீரர் கணக்கைக் கண்டே ராவ் எழுதினார். குடிகள் இழந்ததற்கு அத்தகைய கணக்கேடு இல்லை.

1781இல் தியாகதுர்க்கம் மீண்டும் மைசூர் வசமானது. சிதம்பரம் கோயிலில் ஐதரின் காவற்படை நின்றது. சூன் மாதம் அதனைத் தாக்கிய அயர் கூட் பின்வாங்க நேர்ந்தது. இவ்வெற்றி ஐதரை வெளிநிலப் போருக்குத் துணியச் செய்தது. விரைந்து வந்து கூட்டுக்கும் கடலூருக்கும் இடையே மறித்து நின்றார். சூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்த போரில், ஏறத்தாழ 8,500 பேரே கொண்ட கூட்டின் படை பன்மடங்கு பெரிய படையை வென்றது. மீர் சாகிபு தலைமையில் குதிரைப்படை தாக்கியும் காலாட்படையின் அணி உடையவில்லை. கடலோரத்தில் நின்ற கப்பலிலிருந்து வந்த குண்டுகளும் அதனைச் சிதறடித்தன. மீர் சாகிபு வீழ்ந்தார். மேட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐதரை உடனிருந்தோர் வற்புறுத்திக் குதிரையேற்றினர்.

தம் குதிரையை இழக்க அஞ்சிய சிலாதார்களே தோல்விக்குக் காரணம் என்று கூறுதல் எளிது. அம்முறையில் அத்தகைய தயக்கம் இயல்பாகவே அமைந்திருந்தது. எனினும் அரசாங்க லாயத்துக் குதிரைகளும் அன்று அணியை உடைக்கவில்லை. ஒழுங்காகச் சுடும் காலாட்படைக்கு எதிரே எவ்வகைக் குதிரையும் பயன் குன்றிவிட்டதென்பதே பொருத்தமான விளக்கம். மறுபுறம், வென்ற கூட்டும் துரத்திச்செல்ல இயலவில்லை. கம்பெனியிடம் போதிய குதிரை இல்லை. அக்குறையை உணர்ந்தே 1784இல் நவாபின் குதிரைப்படை அணிகளைக் கம்பெனி ஏற்றது. 1803இல் வடக்கே ஜேம்சு ஸ்கின்னரின் கீழ் அமைந்த குதிரைப்படை சிலாதார் முறையிலேயே தொடங்கி, அம்முறையை நூறாண்டுக்கு மேல் காத்தது.

மறைக்கப்பட்ட மரணம்

1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இராசபிளவை நோயால் ஐதர் இறந்தார். மகன் திப்பு மலபார்ப் பக்கத்தில் இருந்தார். ஐதரை நம்பித் தம் குதிரையோடு வந்தவர், அவர் இல்லையெனத் தெரிந்தால் குதிரையைத் திருப்பிவிடக்கூடும். எனவே அமைச்சர்கள் உடலைப் பேழையில் வைத்து, கருவூலப் பெட்டி போலக் கோலாருக்கு அனுப்பினர். நாள்தோறும் பாசறை வழக்கங்கள் பிறழாது நடந்தன. சதி எழுந்தது, ஆனால் அஞ்சிய இடத்திலிருந்து அன்று. அரசாங்க லாயத்துக் குதிரைகள் 4,000க்குத் தலைவரான முகம்மது அமீன், ஐதரின் இளைய மகன் அப்துல் கரீமை ஆட்சியில் அமர்த்த முயன்று, பிடிபட்டு விலங்கிடப்பட்டார். சிலாதார்கள் திப்பு வந்துசேரும்வரை அவ்விடத்திலேயே நின்றனர்.