மாணவர்களின் தந்தை செராக் அடிகளார்

சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கல்லூரிகள் பெருகிவிட்டன. நம் பங்கின் பிள்ளைகளும் பெட்டி படுக்கையுடன் விடுதிகளுக்குச் செல்கின்றனர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறார்களா என்பதே பெற்றோரின் முதற்கவலை. நியாயமான கவலைதான். ஆயினும் கல்லூரி மாணவனின் விசுவாசம் கோவில் வாசலோடு நின்றுவிடக்கூடாது என்று வாழ்ந்து காட்டிய குரு ஒருவர் நம் தமிழகத்திலேயே இருந்தார். அவரே சேசு சபையைச் சேர்ந்த பியேர் செராக் அடிகளார்.

1914 பிப்ரவரி 4-ஆம் நாள் பிரான்சு நாட்டின் மெய்சாக் என்னும் சிற்றூரில், செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்தார். 1931-இல் சேசு சபையில் சேர்ந்து, 1937-இல் இந்தியா வந்தார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். 1945-இல் குருப்பட்டம் பெற்றார். சென்னை லொயோலாக் கல்லூரி அவருக்கு வீடாயிற்று.

கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கென 1924-இல் தந்தை கார்ட்டி தொடங்கிய அகில இந்திய இயக்கமே ஐக்கஃப். 1950-களிலும் 60-களிலும் அதன் ஆன்ம குருவாக விளங்கிய செராக், மாணவர்களை வடசென்னைக் குடிசைப் பகுதிக்கு அழைத்துச் சென்றார். செரியன் நகரில் அவர்கள் தங்கள் கைகளாலேயே வேலை செய்தார்கள். பட்டம் பெறப்போகிறவன் மண்வெட்டி பிடிப்பதா என்று முகஞ்சுளிக்கும் நாட்டில் இது சிறிய காரியமன்று!

பின்னர் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து மானாமதுரையில் வறண்ட நிலத்தில் பண்ணை அமைத்தார். ஏழை உழவர்க்காக ஆயிரம் கிணறுகள் வெட்டும் திட்டத்தில் இறங்கினார். கிணற்றில் தண்ணீர் கண்டால் ஒரு குடும்பம் எப்படித் தலை நிமிரும் என்பதை நம் மேட்டுக்காட்டு மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கிடையே மாணவரிடையே வேறொரு கேள்வி எழுந்தது. ஏழைக்கு உதவினால் போதுமா, வறுமையை உண்டாக்கும் அமைப்பையே மாற்ற வேண்டாமா? 1970-இல் நடந்த பூண்டி மாநாடு இயக்கத்தை அப்பாதையில் திருப்பியது. இதைச் செராக் காட்டிய வழிக்கு எதிரானதாகச் சிலர் கருதலாம். குடிசைக்குள் கால் வைக்காதவர்களுக்கு அக்கேள்வியே தோன்றியிராது என்பது நம் எண்ணம்.

மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில், 1980-இல், தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்த கம்போடிய அகதிகளிடம் சென்றார். பதின்மூன்று ஆண்டுகள் அவர்களோடு இருந்தார். பின் சென்னைக்கே திரும்பி, ஆதரவற்ற குழந்தைகளுக்காக உழைத்தார். 2012 மே 30-ஆம் நாள், 98-ஆம் வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.