காவலும் கல்வியும்: பேராசிரியர் கோத்தாரி

ஊர்காவற்றுறைக் கடலில் நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் காணாத தீவகத்தார் இலர். போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டை, அரசுகள் தம் காலத்துச் சிறந்த தொழில்நுட்ப அறிவைப் போருக்கே முதலிற் செலவிடும் என்பதற்குச் சான்றாக உள்ளது. குடிமக்களின் பணம் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குச் செல்லுமிடத்து, அதனைக் கையாள்வோர் எத்தகையோராதல் வேண்டும்? இவ்வினாவை நெஞ்சிற் கொண்டு, பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரியின் வாழ்வை ஈண்டு வரைகின்றோம்.

இராசபுதனத்து உதயப்பூரில் 1906ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி பிறந்த இவர், இளமையிலே தந்தையை இழந்தார். மேவார் மன்னரின் உதவிச் சம்பளத்தைத் துணையாகக் கொண்டு அலகாபாத் சர்வகலாசாலையில், மேகநாத சாகாவிடம் பௌதிகம் கற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, இரதபோட் தலைமை வகித்த ஆய்வுகூடத்திற் பயின்றார். வெண்குறு விண்மீன்களின் உள்ளே பேரமுக்கத்தால் அணுக்கள் சிதையுமாற்றை ஆராய்ந்து புகழ் பெற்றார். தமிழரான சந்திரசேகர் ஆராய்ந்ததும் அவ்விண்மீன்களையே என்பது நமக்கு மகிழ்வு தருவது. தாயகம் மீண்ட கோத்தாரி, டில்லிச் சர்வகலாசாலையிற் பௌதிகத் துறையை வளர்த்தார்.

இந்தியா விடுதலை பெற்றதும், படைகளுக்கு விஞ்ஞானம் எவ்வாறு உதவலாம் எனப் பிரதமர் நேரு பிரித்தானிய அறிஞர் பிளக்கற்றிடம் ஆலோசனை கேட்டார். வறிய நாடு விலைமிக்க படைக்கலங்களிற் போட்டியிடாது, தன் ஆற்றலுக்கு இயைந்த எளிய தேவைகளை முதலில் ஆராய்தலே தக்கதென்பது அவர் கருத்து. 1948ஆம் ஆண்டிற் பாதுகாப்பு அமைச்சின் விஞ்ஞான ஆலோசகராகக் கோத்தாரி நியமனம் பெற்றார். 1961 வரை அப்பதவியில் இருந்தார்.

தொடக்கத்திற் பாதுகாப்பு விஞ்ஞானத்துக்குத் தனிக் கட்டடமும் இல்லை. தமிழறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் தலைமை தாங்கிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலேயே அது இடம்பெற்றது. ஆயினும் கோத்தாரி ஆராய்ச்சியைப் படைக்கலத்தோடு நிறுத்தினாரல்லர். போர்வீரன் உண்ணும் உணவு, வெப்பத்தையும் குளிரையும் அவன் உடல் தாங்கும் வகை, அவனுடைய உளநிலை ஆகிய அனைத்தும் ஆராய்ச்சிக்குரியன என்று கொண்டார். 1952இற் பூனாவிற் படைக்கலக் கல்வி நிலையம் தோன்றியது. 1958இற் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உருவாயிற்று. நெடுந்தீவுக்கு அக்கரையிலுள்ள இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் பாதுகாப்புத் துறையிற் பணி தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சமண மரபில் வளர்ந்து அகிஞ்சையைப் போற்றிய ஒருவர் படைத்துறைப் பணியை ஏற்றது முரணன்றோ? முரண் உண்டென்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர் அப்பதவியிலிருந்தே, அணுகுண்டு வெடிப்பின் விளைவுகளை உலகறிய விளக்கும் நூலொன்றை 1956இல் வெளியிடுவித்தார். அதற்கு நேரு முன்னுரை வழங்கினார். அழிவின் அளவை மறைத்துவைப்பதே பாதுகாப்பு என்று கருதும் அதிகாரிகள் மலிந்த உலகில், அதனை மக்கள் அறியச் செய்தது அவரது நேர்மைக்குச் சான்றாகும்.

1961இற் சர்வகலாசாலை மானியக் குழுவின் தலைவராகி, 1973 வரை பணியாற்றினார். 1964இல் அமைந்த கல்வி ஆணைக்குழுவுக்கும் அவரே தலைவர். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செல்ல வேண்டும் என்பதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலை வேண்டும் என்பதும் 1966இல் அக்குழு விடுத்த விதப்புரைகளுட் சில. அந்த 6 பங்கு இன்றளவும் எட்டப்படவில்லை. படைத்துறை ஆராய்ச்சிக்கு வழி வகுத்த கையே கல்விக்கும் உரிய பங்கினைக் கேட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1993ஆம் ஆண்டு பெப்புருவரி 4ஆந் திகதி அவர் இயற்கை எய்தினார்.

போர்க்கருவி யாது செய்யும் என்பதைத் தீவகத்தார்க்கு எவரும் நூல் கொண்டு உணர்த்த வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டில் ஊர்கள் வெறிச்சோடின, வகுப்பறைகள் பூட்டுண்டன. வந்து மீண்டும் கதவு திறந்தோர், முதலில் தேடியது கரும்பலகையையே. ஆதலின் எம் மாணவச் செல்வங்களே, நாளை உங்களுட் சிலர் பொறியியலாளராகவும் விஞ்ஞானியராகவும் பெரும் நிறுவனங்களிற் பணியேற்பீர்கள். அரசின் பணம் உங்கள் மேசைக்கு வருங்கால், அது எவருடைய உழைப்பு, எதற்காகச் செலவாகின்றது என்று கேட்டறியுங்கள். அறிந்ததை மறையாதீர்கள், கற்பித்த பள்ளிக்குரிய பங்கினையும் மறவாதீர்கள். கோத்தாரியின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே.