தனிமையும் மூளையும்: கணிதமேதை இராமானுஜன்

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் (1887–1920), 1914-இல் குடும்பத்தைப் பிரிந்து கேம்பிரிட்ஜ் சென்றார். உலகப்போரால் தாயகம் திரும்ப இயலவில்லை. கடுங்குளிர், ஏற்ற சைவ உணவின்மை, தனிமை ஆகியவற்றுடன் 1917-இல் உடல்நோயும் சேர்ந்தது. 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார்.

நீடித்த தனிமை, கார்டிசால் சுரப்பை உயர்த்தக்கூடும். அப்போது அச்சத்தை எழுப்பும் மூளைப்பகுதி மிகையாகச் செயல்படும். சிந்தித்து முடிவெடுக்கும் முன்பகுதி தளரும். உறக்கமின்மை, ஒதுங்குதல், திடீர்ச் செயல்கள் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகளே, குணக்குறைகள் அல்ல.

அவ்வாண்டே இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஊக்கம் பெற்று ஆய்வைத் தொடர்ந்தார். 1919-இல் தாயகம் திரும்பியபின், இறுதி நாள்கள் வரை கணிதம் எழுதினார்.

நோயாளியின் உடல்நலம் பேணுவோர், அவரது தனிமையையும் கேட்டறிதல் வேண்டும். உதவிக்கு டெலி-மானஸ்: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி).