கருவுறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும்: ரகுநாத் கார்வே நடத்திய தனிமைப் போராட்டம்

மும்பை: கருத்தடை என்ற சொல்லைப் பொதுவெளியில் உச்சரிக்கவே இந்தியச் சமூகம் கூசிய 1921-ஆம் ஆண்டில், அதற்கென ஓர் ஆலோசனை மையத்தை மும்பையில் திறந்தவர் ரகுநாத் தோண்டோ கார்வே. மேரி ஸ்டோப்ஸ் லண்டனில் தமது மையத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஸ்டோப்ஸின் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் நன்கு அறியப்பட்ட கார்வேயோ, பிற மாநிலங்களில் பெரும்பாலும் அவருடைய தந்தையின் பெயரால்தான் நினைவுகூரப்படுகிறார்.

தந்தை, பாரத ரத்னா தோண்டோ கேசவ் கார்வே. கைம்பெண் மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் வாழ்நாளைச் செலவிட்ட அவரை மகரிஷி என்றே நாடு அழைத்தது. அவருடைய முதல் மனைவி ராதாபாய்க்கு 1882-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி பிறந்த மகன்தான் ரகுநாத். 1891-இல் பிரசவத்தின்போது ராதாபாய் உயிரிழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மகனுக்கு வயது 9. இந்த இழப்புக்கும் மகனின் பிற்காலப் பணிக்கும் உள்ள தொடர்பை எவரும் ஊகிக்கலாம்.

ரகுநாத் மருத்துவர் அல்லர், கணிதப் பேராசிரியர். மும்பை வில்சன் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே கருத்தடை குறித்துப் பேசியும் எழுதியும் வந்தார். கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய அக்கல்லூரியின் நிர்வாகத்துக்கு அது உவப்பாக இல்லை. பணியா, பிரசாரமா என்ற கேள்வி எழுந்தபோது 1925-இல் அவர் பணியைத் துறந்தார். அதன் பிறகு நிலையான வருமானம் என்று அவருக்கு எதுவும் அமையவில்லை. குடும்பப் பாரத்தின் பெரும்பகுதியை மனைவி மாலதியே சுமந்தார். குழந்தை வேண்டாம் என்று தம்பதியர் தாமே முடிவெடுத்து, அதன்படியே வாழ்ந்தனர். ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலும் கடைப்பிடித்த சீர்திருத்தவாதிகள் அக்காலத்தில் அரிது.

அன்றைய பெண்ணின் நிலையைக் கருதிப் பார்த்தால்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட பணியின் கனம் விளங்கும். விரும்பாத கர்ப்பம் தரித்த பெண்ணுக்குச் சட்டப்படி வழியேதும் இல்லை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் தவிர்ந்த எல்லாக் கருக்கலைப்பையும் குற்றமாக்கியது. தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அது விட்டுவைக்கவில்லை. கைம்பெண் கருவுற்றாலோ, சாதியும் உறவும் ஒருசேரக் கைவிட்டன. எஞ்சியவை இரகசிய முறைகள். அவற்றில் பல உயிரைப் பறித்தன. கருத்தடை மாத்திரை வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

கருத்தடையை ஆதரித்தோர் கார்வேக்கு முன்பும் பின்பும் உண்டு. அவர்களுள் பலர் நாட்டின் மக்கள்தொகையையும் வறுமையையும் முன்னிறுத்தினர். கார்வே முன்னிறுத்தியது பெண்ணை. தாம்பத்திய இன்பத்தில் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதும், எப்போது தாயாவது, ஆவதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு என்பதும் அவரது வாதம். காந்தியடிகள் வலியுறுத்திய புலனடக்கமே போதும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை.

இக்கருத்துகளைப் பரப்ப 1927 ஜூலையில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கினார். வெளியில் கேட்க முடியாத ஐயங்களை வாசகர்கள் கடிதத்தில் கேட்டனர். அவர் ஒளிவுமறைவின்றி விடையளித்தார். அட்டையில் இடம்பெற்ற நிர்வாண ஓவியங்கள் பழமைவாதிகளை மேலும் சினமூட்டின. அந்த அட்டைகள் தேவைதானா என்று இன்றும் கேட்கலாம். ஆனால் வழக்குகள் அட்டைக்காக அன்றி எழுத்துக்காகவே தொடரப்பட்டன.

1931-இல் ஆபாசக் குற்றச்சாட்டின் பேரில் கைதான அவருக்கு ரூ.100 அபராதம் விதிக்கப்பட்டது. 1934-இல் மீண்டும் கைது. இம்முறை, பாலியல் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு அளித்த பதில்களே குற்றமாயின. அவருக்காக வாதாட வந்தவர் டாக்டர் அம்பேத்கர். அறிவியல் நோக்கில் சொல்லப்படும் பாலியல் செய்தி ஆபாசமாகாது, வாசகர் கேட்டால் விடை சொல்வதே இதழின் கடமை என்ற நிலைப்பாட்டில் நின்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ரூ.200 அபராதம் விதித்தது. எனினும் அம்பேத்கர் இப்பொருளைக் கைவிடவில்லை. 1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அதுவும் தோற்கடிக்கப்பட்டது.

1952-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. கார்வே பல ஆண்டுகளாகக் கோரியது ஒருவகையில் நிறைவேறியது. ஆனால் அத்திட்டத்தின் மையத்தில் இருந்தது மக்கள்தொகைக் கணக்கு. 1971-இல் வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை பலனளிக்காமல் கருவுற்ற மணமான பெண்களுக்கு வழிவிட்டது. மணமாகாத பெண்ணுக்கும் அதில் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 செப்டம்பர் 29-ஆம் தேதியில்தான்.

இவ்வளவையும் காண கார்வே இருக்கவில்லை. 1953 அக்டோபர் 14-ஆம் தேதி அவர் காலமானார். அவரது வாழ்க்கையை அமோல் பாலேகர் பின்னர் ‘த்யாஸபர்வ’ என்ற மராத்தித் திரைப்படமாக எடுத்தார். 26 ஆண்டுகள் நடந்த ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ இதழின் கடைசிப் பிரதி, அவர் மறைந்த மறுமாதம் வெளியானது.