கல்வியை வழிபாடாக்கிய போஜராஜர்

விக்கிரமாதித்தன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் போஜராஜரை எளிதில் மறக்க மாட்டார்கள். மண்ணில் புதைந்து கிடந்த ஓர் அரியணையைக் கண்டெடுத்து, அதில் அமர விரும்பிப் படியேறுகிறார் மன்னர். படிகளில் உள்ள பதுமைகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று அவரைத் தடுக்கின்றன. அந்த ஆசனத்திற்கு உரியவராக விளங்கிய விக்கிரமாதித்தரின் பெருமையைக் கேட்ட பிறகே மேலே செல்ல வேண்டும் என்று கூறுகின்றன. பதுமைகள் மொத்தம் 32. ஒவ்வொரு முறையும் மன்னர் சினம் கொள்ளாமல் நின்று கேட்கிறார்.

இது கதைதான். எனினும், ஆற்றல் மிக்க ஓர் அரசர் படிதோறும் நின்று பணிவுடன் கேட்டார் என்று சொல்வதற்கு நம் முன்னோர் போஜரைத் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. வரலாற்றில் வாழ்ந்த போஜரும் அத்தகையவரே. இலக்கணம், காவியம், யோகம், மருத்துவம், வானக் கணிதம், சிற்பம், சைவ சித்தாந்தம் என்று அறிவின் படிகள் ஒவ்வொன்றிலும் அவர் நின்றார், கேட்டார், கற்றார், கற்றதை நூலாக்கிப் பிறருக்கு வழங்கினார்.

வாளும் ஏடும்

பரமார வம்சத்து மன்னர்கள் மாளவ தேசத்தை ஆண்டனர். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள தார் நகரமே அன்றைய தாரா. போஜரின் தந்தை சிந்துராஜர். பெரிய தந்தை முஞ்சர். முஞ்சர் தாமே கவிஞர். நாடக இலக்கணமான தசரூபகத்தை இயற்றிய தனஞ்ஜயர் அவரது அவையை அலங்கரித்தவர். ஆனால் கல்வியில் சிறந்த அந்த மன்னர், மேலைச் சாளுக்கிய மன்னர் தைலபரிடம் போரில் தோற்றுச் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். அரசாட்சி எவ்வளவு நிலையற்றது, கல்வி எவ்வளவு இனியது என்னும் இரு பாடங்களையும் போஜரின் குடும்பமே அவருக்கு முன்னதாக வைத்திருந்தது.

ஏறத்தாழ 1010-ஆம் ஆண்டில் போஜர் அரியணை ஏறினார். நான்கு திசைகளிலும் வலிமை மிக்க அரசுகள் சூழ்ந்திருந்தமையால் அவரது ஆட்சிக்காலம் பெரும்பாலும் போர்க்காலமாகவே கழிந்தது. கொங்கண வெற்றியைக் கொண்டாடும் வகையில் 1020-இல் அவர் நிலதானம் செய்ததைச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. 1030 அளவில் இந்திய நாட்டைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, தாராவில் போஜதேவர் ஆட்சி செய்து வந்ததைக் குறித்திருக்கிறார். இத்தகைய சூழலில்தான் அந்த நூல்கள் பிறந்தன. அமைதியான ஆசிரமத்தில் அமர்ந்து கற்றவர் அல்லர் அவர். பாசறைக்கும் அவைக்கும் இடையே கற்றவர்.

மூன்று மாசுகள்

பழைய உரையாசிரியர் ஒருவர் போஜரின் நூல்கள் 84 என்கிறார். அவர் பெயரால் வழங்கும் நூல்கள் யாவும் அவர் கைப்பட எழுதியவைதாமா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டவர்கள் அல்லர். அவையிலிருந்த பண்டிதர்களின் உழைப்பும் அவற்றில் கலந்திருக்கக்கூடும். ஆயினும் முக்கியமான நூல்களில் ஒரே சிந்தனையின் முத்திரை தெளிவாகத் தெரிகிறது.

அந்தச் சிந்தனை யாது என்பதற்குப் போஜரே விடை கூறியிருக்கிறார். பதஞ்ஜலி முனிவரின் யோக சூத்திரங்களுக்கு அவர் எழுதிய உரை ராஜமார்த்தாண்டம். இலக்கணத்தால் வாக்கின் மாசையும், யோகத்தால் மனத்தின் மாசையும், மருத்துவத்தால் உடலின் மாசையும் போக்கியவர் பதஞ்ஜலி என்பது மரபு. அந்த மூன்று துறைகளிலும் தாமும் நூல் இயற்றியதை உரையின் தொடக்கத்தில் போஜர் குறிப்பிடுகிறார். வெவ்வேறாகத் தோன்றும் மூன்று கல்விகளுக்கும் நோக்கம் ஒன்றே: மனிதனைத் தூய்மைப்படுத்துவது. பல துறைகளில் அவர் இறங்கியது புகழுக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ அன்று என்பது இதனால் விளங்கும்.

உரை எழுதுபவர்களின் குறைகளையும் அவர் அங்கே எடுத்துக் காட்டுகிறார். கடினமான இடத்தைப் பொருள் வெளிப்படை என்று சொல்லித் தாண்டிச் செல்வது, எளிய இடத்தை வீணாக விரித்துரைப்பது, தேவையற்றதைப் புகுத்திக் கற்பவரைக் குழப்புவது ஆகியவற்றை அவர் கண்டிக்கிறார். அதற்கேற்பத் தமது உரையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைத்தார். யோகம் பயில்வோர் இன்றும் அந்த உரையை நாடுகின்றனர்.

வானக் கணிதத்திலும் அவரது பெயர் நிலைத்திருக்கிறது. கோள்களின் நிலையைக் கணிக்க உதவும் ராஜமிருகாங்கம் என்னும் கரண நூல் சக ஆண்டு 964-ஐ, அதாவது 1042-ஐ, தொடக்கமாகக் கொண்டது. நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களைக் கூறும் சாருசர்யை, குதிரைகளின் இலக்கணமும் மருத்துவமும் கூறும் சாலிஹோத்திரம், அரசு நடத்தும் முறையையும் மணிகள், படைக்கலங்கள், மரக்கலங்கள் ஆகியவற்றின் தன்மையையும் விளக்கும் யுக்தி கல்பதரு ஆகியனவும் அவர் பெயரால் வழங்குபவை.

சொல்லும் சுவையும்

சரஸ்வதீ கண்டாபரணம் என்னும் ஒரே பெயரில் போஜர் இரண்டு நூல்களை இயற்றினார். ஒன்று இலக்கணம், மற்றொன்று காவிய இலக்கணம். கலைமகளின் கழுத்திற்கு இரண்டு ஆபரணங்கள்! இலக்கண நூல் எட்டு அத்தியாயங்களும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட சூத்திரங்களும் உடையது. பாணினியின் சூத்திரங்களோடு தனித்தனி இணைப்புகளாக வழங்கிவந்த பட்டியல்களையும் பிற்கால விதிகளையும் சூத்திரங்களாகவே அமைத்துக்கொண்டமையால், மாணவன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கற்க வழி பிறந்தது.

காவிய ஆராய்ச்சியில் அவரது சிகரம் சிருங்காரப் பிரகாசம். 36 பிரகாசங்கள் கொண்ட பெருநூல் அது. சுவைகள் எட்டு, ஒன்பது என்று பிறர் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்றார் போஜர். உயிருக்குத் தன்னிடத்தில் இயல்பாக உள்ள உணர்வே அந்த வேர். அதற்கு அவர் இட்ட பெயர் சிருங்காரம். ஆண் பெண் காதல் என்ற குறுகிய பொருளில் அவர் அச்சொல்லை நிறுத்தவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு புருஷார்த்தங்களையும் பற்றி நிற்கும் நான்கு சிருங்காரங்களை அவர் வகுத்தார். வீடுபேற்றின் மீது கொள்ளும் வேட்கையும் அவர் கண்ணோட்டத்தில் சுவையின் உயர்ந்த வடிவமே.

இந்த நூலில் போஜர் எடுத்துக்காட்டாகத் தந்த செய்யுள்களும் நாடகப் பகுதிகளும் ஏராளம். அவற்றுள் பலவற்றின் மூல நூல்கள் பின்னாளில் அழிந்துபோயின. விசாகதத்தரின் தேவீசந்திரகுப்தம் என்னும் நாடகத்தின் சில பகுதிகளும், வாகாடக மன்னர் சர்வசேனர் பிராகிருதத்தில் பாடிய ஹரிவிஜயம் என்னும் காவியத்தின் பல செய்யுள்களும் இன்று கிடைப்பதற்குப் போஜரின் நூல்கள் காரணமாயின.

கல்லும் கருவியும்

நகர அமைப்பு, வீடு, அரண்மனை, கோயில், ஓவியம், திருவுருவம் ஆகியவற்றை 83 அத்தியாயங்களில் விளக்குகிறது சமராங்கண சூத்ரதாரம். அதில் யந்திரங்களைப் பற்றிய அத்தியாயம் பலரது வியப்பைக் கவர்ந்தது. மரத்தாலான பறவை வடிவில், பாதரசத்தைச் சூடாக்கிப் பறக்கச் செய்யும் ஊர்தி பற்றிய பேச்சும் அங்கே வருகிறது. ஆனால் செய்முறை விவரம் முழுமையாகக் கூறப்படவில்லை. அறியாமையால் அன்று, இரகசியத்தைக் காப்பதற்காகவே கூறவில்லை என்று நூலே தெரிவிக்கிறது. ஆதலால் அதனைச் செய்து பார்த்த அறிவியலாகக் கொள்வதைவிட, யந்திரங்களைப் பற்றி அக்கால அறிஞர்கள் எவ்வளவு துணிவாகச் சிந்தித்தனர் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

அதனினும் நினைவில் கொள்ளத்தக்கது ஸ்தபதியின் இலக்கணம். சாஸ்திர அறிவு, செய்தொழில் பயிற்சி, நுண்ணறிவு, ஒழுக்கம் ஆகிய நான்கும் ஸ்தபதிக்கு வேண்டும் என்கிறது நூல். நூலறிவு மட்டும் உடையவன் வேலை வந்தவுடன், போர்க்களம் கண்ட கோழையைப் போல் மயங்கி நிற்பான் என்றும் எச்சரிக்கிறது. நான்காவதாக ஒழுக்கத்தையும் சேர்த்ததில், தொழிலைத் தவமாகக் கருதிய பார்வை வெளிப்படுகிறது.

சமயத்தில் விரிந்த உள்ளம்

போஜர் சிவபக்தர். சைவ சித்தாந்தத்தின் முப்பொருள்களையும் தத்துவங்களையும் சுருங்க உரைக்கும் தத்துவப் பிரகாசம் அவரது பெயரால் வழங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியர் அதற்கு உரை வகுத்தார். தமிழகச் சிவாலயங்களின் கிரியைகளுக்கு அடிப்படையான பத்ததியை அருளிய பெரியார் அவர். மாளவத்தில் ஏற்றிய விளக்கு காவிரிக் கரையிலும் ஒளி வீசியது.

காஷ்மீர வரலாறான ராஜதரங்கிணி சுவையான செய்தி ஒன்றைத் தருகிறது. அந்நாட்டிலுள்ள கபடேசுவரம் என்னும் தலத்தில் போஜர் பொன் வழங்கிக் குளம் அமைக்கச் செய்தார். அந்தப் பாபசூதன தீர்த்தத்தில் நாள்தோறும் முகம் கழுவுவதாக விரதம் பூண்டார். கண்ணாடிக் குடங்களில் அந்நீர் தொலைதூர மாளவத்திற்குத் தவறாமல் அனுப்பப்பட்டது என்கிறது அந்நூல்.

சிவநெறியில் ஊன்றி நின்ற அவருக்குச் சமண சமயத்துக் கதைகளைக் கேட்பதிலும் ஆர்வம் இருந்தது. அந்த ஆர்வத்தை நிறைவு செய்யவே சமணப் புலவர் தனபாலர் திலகமஞ்சரி என்னும் உரைநடைக் காவியத்தை இயற்றினார். இதைப் பற்றிச் சமணர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. காவியத்தைக் கேட்டு மகிழ்ந்த மன்னர், அதில் வரும் பெயர்களை மாற்றித் தம் பெயரையும் தம் நாட்டுத் தலத்தையும் சேர்க்குமாறு கேட்டாராம். புலவர் மறுத்தார். சினம் கொண்ட மன்னர் ஏட்டைத் தீயில் இட்டார். மனமுடைந்து வீடு திரும்பிய தந்தையிடம், கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்திருந்த காவியத்தை அவருடைய மகள் திரும்பச் சொன்னாள். அவள் பெயரே நூலுக்கும் ஆயிற்று. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை உணர்த்தும் உண்மை பெரிது. எல்லாக் கலைகளையும் கற்றவருக்கும் தான் என்னும் மாசு எஞ்சியிருக்கலாம். அரசனின் தீயைவிட ஒரு சிறுமியின் நினைவாற்றல் வலியது.

முடிவுறாத கோயில்

போபாலுக்கு அருகே, பேத்வா ஆற்றங்கரையில் உள்ள போஜ்பூரில் பிரம்மாண்டமான சிவாலயம் ஒன்று நிற்கிறது. லிங்கத்தின் உயரம் சுமார் ஏழரை அடி. சுற்றளவு சுமார் 18 அடி. பாரம் மிக்க கற்களை மேலே கொண்டு செல்ல எழுப்பிய மண் சாய்தளம் கோயிலின் பின்புறம் இன்றும் காணப்படுகிறது. சுற்றியுள்ள பாறைகளில் தூண்களும் சிகரமும் வரைபடங்களாகக் கீறப்பட்டுள்ளன. நூலில் எழுதிய கலையைப் போஜர் கல்லிலும் காண முயன்றார். ஆனால் அந்தக் கோயில் நிறைவு பெறவில்லை.

அவருடைய இறுதிக் காலம் துயரம் நிறைந்தது. சாளுக்கிய மன்னர் சோமேசுவரரின் படை தாராவைச் சூறையாடியது. பின்னர், 1055-ஐ ஒட்டி, சேதி நாட்டுக் கர்ணரும் குஜராத்தின் பீமரும் ஒன்றுசேர்ந்து மாளவத்தின் மீது பாய்ந்தனர். அந்த நெருக்கடியின் நடுவே போஜர் நோயுற்று மறைந்தார் என்பது மரபு. வென்ற நாடுகள் கைவிட்டுப் போயின. அவர் ஆற்றை மறித்து அமைத்ததாகக் கூறப்படும் பேரேரியின் அணையும் பதினைந்தாம் நூற்றாண்டில் ஹோஷங் ஷாவினால் உடைக்கப்பட்டதாகச் சொல்வர்.

நூல்கள் அழியவில்லை. மாளவத்தில் பிறந்த அவை பாரதத்தின் பல திசைகளிலும் ஏடுகளாகப் படியெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. சமராங்கண சூத்ரதாரத்தைத் த. கணபதி சாஸ்திரி பதிப்பிக்க, 1924-25-இல் பரோடாவிலிருந்து அது அச்சில் வெளிவந்தது. சரஸ்வதீ கண்டாபரண இலக்கணத்தை 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருந்த சிருங்காரப் பிரகாசச் சுவடியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக மேற்கொண்டார் டாக்டர் வே. ராகவன். அவரது ஆராய்ச்சி நூலுக்கு 1966-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவர் பதிப்பித்த மூலத்தின் முதற்பகுதி, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1998-இல் ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவந்தது.

போஜர் வாளால் ஈட்டியவை அவர் காலத்திலேயே நழுவின. கற்றுப் பிறருக்கு வழங்கியவையோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. வாக்கையும் மனத்தையும் உடலையும் தூய்மையாக்கும் முயற்சியில் எந்தக் கல்வியும் சிறியதன்று, எந்தக் கல்வியும் அயலானதும் அன்று என்பதே அவர் வாழ்வு காட்டும் நெறி. போஜ்பூர்க் கோயிலின் சாய்தளத்தில் மேலே ஏற்றப்படாத கற்கள் காத்துக் கிடக்கலாம். ஆனால் ஒரு மாணவன் பணிவுடன் ஏட்டை விரிக்கும் ஒவ்வொரு நாளும், போஜராஜர் தொடங்கிய திருப்பணி ஒரு படி உயர்கிறது.