கடல் கடந்த படைகளும் கார்ட்வெல் பிரபுவும்

பிற நாடுகளில் நிறுத்தப்பட்டுள்ள படைகளை எப்போது திருப்பியழைப்பது, அவற்றின் செலவை யார் சுமப்பது என்னும் வினாக்கள் இன்றைய வல்லரசுகளுக்கு மாத்திரம் உரியவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பேரரசையும் அவை வாட்டின. அவற்றுக்கு விடை காண முற்பட்ட எட்வேர்ட் கார்ட்வெல் ஒரு படைத் தளபதியல்லர். கணக்கில் கறாரான ஒரு சட்டத்தரணி.

1813இல் லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஒக்ஸ்போர்ட்டில் கற்று, 1842இல் நாடாளுமன்றம் புகுந்தார். சேர் றொபேர்ட் பீலின் சீடர் என்பதால் அரச பணத்தை வீணாக்குவது அவருக்கு அறவே பிடிக்காது. 1864 முதல் 1866 வரை குடியேற்றநாட்டு மந்திரியாக இருந்தபோது இந்தச் சிக்கனத்தின் சூட்டை இலங்கையும் உணர்ந்தது. தீவில் நிலைகொண்டிருந்த படைகளின் செலவை இலங்கையின் வருமானத்திலிருந்தே செலுத்த வேண்டும் என இலண்டன் வற்புறுத்தியது. சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் 1864 நவம்பரில் பதவி துறந்தனர். அடுத்த ஆண்டு ஜோர்ஜ் வோல், சார்ள்ஸ் லொறன்ஸ் போன்றோர் இலங்கை லீக்கை அமைத்தனர். நமது அரசியல் விழிப்புக்கு ஒரு படைச்செலவுப் பட்டியலும் காரணமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1868 டிசம்பரில் கிளாட்ஸ்டன் அவரை யுத்த மந்திரியாக்கினார். அவர் பொறுப்பேற்ற இராணுவம் உலகெங்கும் சிதறிக் கிடந்தது. ரெஜிமென்டுகள் ஆண்டுக்கணக்கில் வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் சேவையாற்றி முதுமையடைந்த சிப்பாய்கள் பலர். அவசரத்துக்கு அழைக்கத்தக்க ஒதுக்குப் படையோ பெயரளவில்தான். எனவே சுயாட்சி பெற்ற குடியேற்றங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளட்டும் எனத் தீர்மானித்து, ஏறக்குறைய 20,000 துருப்பினரைத் திருப்பியழைத்தார். நியூசிலாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் 1870இல் படைகள் வெளியேறின. கனடாவில் 1871இன் இறுதியில் ஹலிபக்ஸ் கடற்படைத் தளம் மட்டுமே எஞ்சியது. மாவோரி மக்களுடன் போர் ஓயாத வேளையில் இறுதி ரெஜிமென்டையும் எடுத்துச் செல்ல வேண்டாமென நியூசிலாந்துக் குடியேறிகள் மன்றாடியது பலிக்கவில்லை.

திருப்பியழைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிப்பாயின் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் முதற்பகுதி படையிலும் மீதி ஒதுக்குப் படையிலும் கழியலாயிற்று. 1871இல் அதிகாரிப் பதவிகளை விலைகொடுத்து வாங்கும் வழக்கம், பிரபுக்கள் சபையின் எதிர்ப்பையும் மீறி, அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு நாடு 66 படை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டாலியன்கள் இணைக்கப்பட்டன. ஒன்று வெளிநாட்டில் இருக்க, மற்றையது தாயகத்தில் ஆள் சேர்த்துப் பயிற்றி அதற்கு அனுப்பும். காலம் வந்ததும் இரண்டும் இடம் மாறும்.

காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. நடைமுறையிலோ தராசு அடிக்கடி ஒருபக்கம் சாய்ந்தது. 1879இல் சூலு யுத்தம் மூண்டதும் தாயகப் பட்டாலியன்கள் தென்னாபிரிக்காவுக்கு விரைய, வெளிநாட்டிலிருந்தவையே தொகையில் மிகுந்தன. எஞ்சியவை அனுபவமற்ற இளைஞரைப் பயிற்றும் கூடாரங்களாயின. இன்னொரு குறையும் உண்டு. சுயாட்சி பெற்ற வெள்ளையர் குடியேற்றங்களிலிருந்து படை விலகியது. சுயாட்சியற்ற இந்தியாவிலோ படையும் இருந்தது, அதன் செலவும் இந்திய மக்கள் தலையிலேயே விழுந்தது. கார்ட்வெல்லைப் புகழும் ஆங்கில நூல்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இலங்கையிலும் அவர் காலத்திலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பெரும்பாலும் மலாய் வீரர்களைக் கொண்டிருந்ததும், ஹொங்கொங் வரை சென்று காவல் புரிந்ததுமான இலங்கை றைபிள் ரெஜிமென்ட் 1873இல் கலைக்கப்பட்டது. தலைமுறைகளாகப் படைச்சம்பளத்தை நம்பியிருந்த மலாய்க் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. பலர் பொலிஸ் சேவையில் சேர்ந்தனர். சுதேச தொண்டர் படை அமைய 1881 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1874இல் கிளாட்ஸ்டன் அரசு வீழ்ந்ததும் கார்ட்வெல் பிரபுப் பட்டம் பெற்று ஒதுங்கினார். இறுதி ஆண்டுகளில் அவருடைய மனநிலை குன்றியது. 1886 பெப்ரவரியில் டோர்க்கியில் காலமானார். அதற்குள், 1881இல், யுத்த மந்திரி சில்டர்ஸ் அவர் இணைத்த பட்டாலியன்களை ஒரே பெயர்கொண்ட ரெஜிமென்டுகளாக்கியிருந்தார். 1947இல் இந்தியா சுதந்திரமடைந்த பின்னரே அந்த இரட்டை அமைப்புக்குத் தேவையற்றுப் போய், பெரும்பாலான ரெஜிமென்டுகள் தமது இரண்டாவது பட்டாலியனை இழந்தன.